ஐரோப்பிய பங்க்குக்குள் நுழைய ஒரே இசைத்தட்டு போதுமா? ஃபேல்ஃபார்பென், 1980

கட்டைவிரல் #1

பங்க் ராக் இசை என்றால் லண்டன், நியூயார்க் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். பிஸ்டல்ஸ், கிளாஷ், ரமோன்ஸ் குழுக்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவிட்டால் வெறும் இருட்டு. இத்தனைக்கும் ஐரோப்பாவின் முதல் பங்க் விழா என்று சொல்லப்படுவது 1976 ஆகஸ்டில் பிரான்சின் மோன்-டெ-மார்சான் என்ற சின்ன ஊரில், காளைச்சண்டை அரங்கில் நடந்தது. லண்டன் ரஃப் டிரேட் கடை தன் பெயரில் 1978-இல் வெளியிட்ட முதல் சிங்கிளே (ஓரிரு பாட்டுள்ள சின்னத் தட்டு) பாரிஸ் குழுவான மெட்டல் அர்பேனுடையதுதான்.

என் வாதம் இதுதான். ஐம்பது குழுக்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தலைக்கு ஒரு பாட்டு கேட்பதில் எதுவும் தங்காது. ஒரே ஒரு தட்டை எடுத்துக் கரைத்துக் குடித்துவிட்டு, அதிலிருந்து கிளம்பும் நூல்களைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு வாசலாக நான் முன்வைக்கும் தட்டு, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்து ஃபேல்ஃபார்பென் குழுவின் ‘மொனார்ஷீ உண்ட் அல்டாக்’. ‘முடியாட்சியும் அன்றாடமும்’ என்று பொருள். 1980-இல் வந்தது, 11 பாட்டு. அதில் ஒரு பாட்டின் தலைப்பே ‘நல்லவேளை, இங்கிலாந்தில் இல்லை’.

ஏன் இந்தத் தட்டு? இதிலிருந்து கிளம்பும் நூல்கள் அத்தனை. ஆட்களைப் பிடித்துப் போனால்: பாடகர் பீட்டர் ஹைனும் கிட்டார் தோமஸ் ஷ்வேபலும் இதற்கு முன் மிட்டாக்ஸ்பவுசே குழுவில் இருந்தவர்கள். அந்தக் குழுவில் பேஸ் கிட்டாரே கிடையாது, இரண்டு கிட்டார், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். பேஸ் வாசித்த மிஷாயேல் கெம்னர் டிஏஎஃப் குழுவிலிருந்து வந்தவர். சாக்சஃபோன் ஃப்ராங்க் ஃபென்ஸ்டர்மாகர், டெர் பிளான் குழுக்காரர். ஆக நாலு பேரைத் தொடர்ந்தாலே மூன்று குழுக்கள் கைக்கு வந்துவிடும். இடத்தைப் பிடித்துப் போனால்: இவர்கள் எல்லாரும் கூடியது ராட்டிங்கர் ஹோஃப் என்ற மதுக்கடையில். கலைக் கல்லூரிக்குப் பக்கம், வெள்ளை டியூப்லைட் வெளிச்சம், நடத்தியவர் கார்மென் க்னோபெல். லண்டனின் வயர் குழு 1978-இல் அங்கே வந்து வாசித்தது. டுசல்டோர்ஃப் கிட்டார்கள் ஏன் அவ்வளவு ஒல்லியாக, வெட்டி வெட்டி ஒலிக்கின்றன என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

மூன்றாவது நூல் ஒற்றைப் பாட்டு. இந்தத் தட்டில் உள்ள ‘மிலிட்யூர்க்’ பாட்டை 1979-இல் மிட்டாக்ஸ்பவுசே பதிவு செய்தது. 1980-இல் அதே வரிகளை ‘கெபாப்ட்ரொய்மே’ என்ற பெயரில் டிஏஎஃப் சிங்கிளாக வெளியிட்டது. 1982-இல் டிஏஎஃபே அதை மறுபடி வேறு விதமாகப் பதிவு செய்தது. ஒரே பாட்டு, மூன்று குழு, நாலு பதிவு. நாலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பங்க் எப்படி எலக்ட்ரானிக் இசையாக மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறைப் பாடம் கிடையாது.

கேட்கும் முறை: முதல் வாரம் பக்கம் ஒன்று மட்டும். பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் மெட்டைச் சுமப்பது பேஸ், கிட்டார் மேலே கோடு கிழிக்கிறது. இரண்டாம் வாரம் அடுத்த பக்கம். கடைசிப் பாட்டு ‘பவுல் இஸ்ட் டோட்’ எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை மட்டும் தனியாக, வேறு வேலை எதுவும் செய்யாமல். குறுந்தகட்டு மறுவெளியீடுகளில் பின்னால் கூடுதல் பாட்டுகள் ஒட்டியிருந்தால் 11-ஆவதோடு நிறுத்திவிடுங்கள். ‘பவுல்’ முடிந்த பிறகு வரும் மௌனமும் தட்டின் பகுதிதான்.

பறைக்கோல் #2

கட்டைவிரல், தட்டு நல்ல தட்டு. வாசல் என்று சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. இது ஈஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் வெளியிட்ட தட்டு. வெல்ட்ரெகோர்ட் என்ற சின்னத்தைப் போட்டாலும் பணமும் ஸ்டுடியோவும் ஈஎம்ஐயுடையவை. அந்த நேரத்தில் டுசல்டோர்ஃபிலேயே ஃப்ரான்ஸ் பீல்மையர் நடத்திய ரோண்டோ என்ற சின்ன வெளியீட்டு நிறுவனம் இருந்தது, ஹாரி ராகும் நீங்கள் சொன்ன கார்மென் க்னோபெலும் நடத்திய பூரெ ஃப்ரொய்டே இருந்தது, அட்டா டாக் இருந்தது. ஹாம்பர்கில் ஆல்ஃப்ரெட் ஹில்ஸ்பெர்க்கின் ட்ஸிக்ஸாக் இருந்தது. இத்தனையும் தாண்டிப் பெரிய நிறுவனத்துக்குப் போனதை அன்றைக்கே துரோகம் என்றார்கள். 1982-இல் இதே தட்டின் ‘ஐன் யார்’ பாட்டை நிறுவனம் சிங்கிளாகப் போட்டு வெற்றிப் பாட்டாக்கியபோது பீட்டர் ஹைன் குழுவிலேயே இல்லை. குழு அதை விரும்பவும் இல்லை. பெரிய நிறுவனத்தோடு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் அதே தட்டில் இருக்கிறது.

இரண்டாவது, இது பங்க் முடிந்த பிறகு வந்த இசை. ஸ்கா, ஃபங்க், சாக்சஃபோன். ஐரோப்பிய பங்க்கின் முதுகெலும்பு ஹார்ட்கோர், அதாவது இன்னும் வேகமான, கர்ஜிக்கும் பங்க். உலகத்துக்கு ஐரோப்பா திருப்பிக் கொடுத்ததும் அதுதான். பின்லாந்தின் டோர்னியோ ஊரில், ஸ்வீடன் எல்லையில் இருந்த டெர்வேத் கேதேத் குழுவின் ‘ஏரெத்தோன் யோலு’வை எடுங்கள். 1982, 7 அங்குலத் தட்டு, அதில் பத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். பிரேசில் வரைக்கும் போய் அங்குள்ள குழுக்களை மாற்றிய ஒலி அது. ஸ்வீடனில் ஆன்டி சிமெக்ஸ், மோப் 47. மோப் 47-இன் 1984 தட்டின் பெயர் ‘அணு ஆயுதத் தாக்குதல்’. இரண்டு வல்லரசுகளின் ஏவுகணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்களின் இசை.

இதற்கு மொழி வேண்டாம், தாளம் பிடிபட்டால் போதும். டி-பீட் என்ற ஹார்ட்கோர் டிரம்ஸ் தாளத்தை எட்டு வரை எண்ணிப் பழகலாம்: 1, 4, 6-இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்). 3, 7-இல் ஸ்னேர் (கையால் அடிக்கும் சின்ன டிரம்). 2, 5, 8 சும்மா. மேசையில் கையால் தட்டிப் பாருங்கள். ஐந்தில் விழ வேண்டிய அடி விழாமல் அதற்கு முன்னும் பின்னும் விழுகிறது. அந்தப் பள்ளம்தான் குதிரை ஓட்டத்தைக் கொடுக்கிறது. புதிதாக வாசிப்பவர்கள் வேகம் கூடியதும் ஐந்திலும் கிக்கை மிதித்துவிடுவார்கள், உடனே தாளம் தட்டையாகிவிடும். சாதாரண பங்க் அடி கிக்-ஸ்னேர் மாறி மாறி வருவது. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தால் ஸ்டாக்ஹோமா, லண்டனா என்பதைப் பத்து நொடியில் சொல்லிவிடலாம்.

கட்டைவிரல் #3

டி-பீட்டில் உள்ள ‘டி’ எந்த ஊர், தோழர்? ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரத்து டிஸ்சார்ஜ். இங்கிலாந்து. ஸ்வீடன்காரர்கள் அதை இன்னும் முறுக்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதை வாசலாக வைத்தால் புது ஆள் கண்டத்துக்குள் வருவதற்குப் பதிலாக மறுபடி இங்கிலாந்துக்கே போய்ச் சேர்கிறார்.

கண்டத்தின் சொந்தச் சரக்கு எது என்று கேட்டால் நான் இயந்திரத்தைச் சொல்வேன். மெட்டல் அர்பேன் 1977-லேயே டிரம்ஸ்காரர் இல்லாமல், பேஸ் இல்லாமல், தாள இயந்திரமும் சிந்தசைசரும் வைத்து வாசித்தது. பிறகு அதே பாரிஸில் பெருரியே நுவார், தாள இயந்திரத்தோடுதான் ஆயிரக்கணக்கானவர்களை ஆட வைத்தது. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா பக்கத்து சிசிசிபி, 1984-இல் வந்த ‘ஒர்தோதொஸ்ஸியா’விலிருந்தே தாள இயந்திரம். கிட்டார்-பேஸ்-டிரம்ஸ் என்ற மூன்றுகால் முக்காலியை உடைத்தது கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான்.

ஈஎம்ஐ பற்றி. வெளியிட்ட நிறுவனத்தை வைத்து அளந்தால் கிழக்கே என்ன செய்வீர்கள்? யூகோஸ்லாவியாவில் லுப்லியானா நகரத்து பன்க்ர்தி குழு 1980-இல் போட்ட ‘டோல்க்சைட்’ அரசு வானொலியின் வெளியீட்டுப் பிரிவிலிருந்து வந்தது. போலந்தின் டெஸெர்டெர் 1983-இல் போட்ட தட்டு டோன்ப்ரெஸ் என்ற அரசு நிறுவனத்துடையது. இவை பங்க் இல்லையா?

பறைக்கோல் #4

அந்த ஒப்பீடு நிற்காது. வார்சாவில் தட்டு அச்சிட அரசை விட்டால் வழியில்லை. டுசல்டோர்ஃபில் நாலு வழி இருந்தது, அவர்கள் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வழியில்லாமல் போவதும் வழியிருந்தும் போவதும் ஒன்றா? பன்க்ர்தியைச் சொன்னீர்களே, அவர்களுடைய முதல் சிங்கிள் 1978-இல் மாணவர் பண்பாட்டு மையமான ஷ்குட்ஸ் வழியாக வந்தது. பதிவு செய்ய எல்லை தாண்டி இத்தாலியின் கொரீட்சியாவுக்குப் போனார்கள். யூகோஸ்லாவியாவிலேயே அவ்வளவு சிரமப்பட்டு வேறு வழி தேடியிருக்கிறார்கள்.

உண்மையாகவே வழியில்லாதவர்களின் தட்டு வேண்டுமென்றால் ‘டேடேஎர் ஃபொன் உன்டென்’, 1983. ‘கீழிருந்து கிழக்கு ஜெர்மனி’. ஒரு பக்கம் டிரெஸ்டனின் ட்ஸ்விட்ஷர்மஷீனே, மறுபக்கம் எர்ஃபுர்ட் அருகே ஷ்டொட்டர்ன்ஹைம் ஊரின் ஷ்லைம்கைம், போலீஸ் கண்ணில் படாதிருக்க ‘சவ்கெர்லே’ என்ற பொய்ப் பெயரில். நாடா எல்லைக்கு அந்தப் பக்கம் கடத்தப்பட்டு மேற்கு பெர்லினின் அக்ரெஸ்ஸிவே ராக்ப்ரொடுக்ட்சியோனென் தட்டாக அச்சிட்டது. இதில் பாடிய சாஷா அன்டெர்சன், ரகசியப் போலீசின் ஆள் என்பது 1991-இல் வெளிப்பட்டது. அந்தத் தட்டின் முதல் பக்கத்தை இன்று கேட்கும்போது அந்த உண்மையும் கூடவே ஓடுகிறது. மூலத்தட்டை வாங்குவது எட்டாக் கனி. மறுவெளியீடு தேடுங்கள், கேட்க அது தாராளமாகப் போதும்.

ரைன்கரை #5

ரெண்டு பேரும் பாட்டு வரிகளைத் தொடாமலே கதைச்சுக்கொண்டு போறீங்கள். ஜேர்மன் தெரியாமலும் ஃபேல்ஃபார்பெனைக் கேட்கலாம். ஆனா மூண்டு இடத்தில கட்டாயம் வழுக்கும். அதைச் சொல்லிவிடுறன்.

முதல், குழுவின் பெயர். ‘பிழையான நிறங்கள்’ எண்டு நேரடியாக மொழிபெயர்த்து விடுவினம். அது சுருட்டுக் கடைச் சொல். மேல் இலை ஒரே நிறமாக இல்லாமல் புள்ளி விழுந்த சுருட்டுகளைத் தனியாகப் பிரிச்சு மலிவு விலைக்கு விற்பினம், அதுதான் ஃபேல்ஃபார்பென். சுவையில் குறைவில்லை, பார்வைக்குத்தான் கழிவு.

அடுத்தது ‘க்ரவ்ஷ்லையர்’ எண்ட பாட்டு. கணினியில் போட்டால் மூடுபனி, சாம்பல் திரை எண்டெல்லாம் வரும். அது சலவைத்தூள் விளம்பரத்தில் புழங்கின சொல். பலமுறை துவைச்ச வெள்ளை வேட்டியில ஏறுற மங்கல் இருக்குதே, அதுதான். ஊர் மேல அந்த மங்கல் கிடக்கு, அம்மா இன்னும் அதைத் துவைச்சுப் போக்கேல்லை எண்டு பாட்டு சொல்லுது. மூடுபனி எண்டு எடுத்தால் ஒரு சோகக் கவிதை. சலவை எண்டு எடுத்தால்தான் அந்த வீடு, அந்தத் தாய், அந்தத் தொழிற்சாலை ஊர் எல்லாம் கண்ணில வரும். ‘அன்றாடம்’ எண்ட தலைப்புக்கு அர்த்தமே இந்த ஒரு சொல்லில இருக்கு.

மூண்டாவது ‘மிலிட்யூர்க்’. இது ஆபத்தான வழுக்கல். இராணுவம் எண்ட சொல்லையும் துருக்கியர் எண்ட சொல்லையும் ஒட்டின பெயர். துருக்கியோட மேற்கு ஜேர்மனி 1961-இல் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களில் நிறையப் பேர் மேற்கு பெர்லினில சுவரை ஒட்டின பகுதியில குடியேறினார்கள். பாட்டு என்ன செய்யுது எண்டால், பனிப்போர் பயத்தின் மொழியையும் வெளிநாட்டவர் மேல இருந்த பயத்தின் மொழியையும் எடுத்து ஒண்டாகக் கலக்குது: முள்வேலி, சிற்றுண்டிக் கடைக்கு ஒரு உளவாளி எண்டு. கடைசியில நாளைய துருக்கியர் நாங்கள்தான் எண்டு முடிக்குது. எழுதினவர் காபி டெல்காடோ, சிறுவனாக ஸ்பெயினில இருந்து ஜேர்மனிக்கு வந்தவர். முதல் நாலு வரியை மட்டும் மொழிபெயர்த்துப் பார்த்தால் இனவெறிப் பாட்டு மாதிரி இருக்கும். முழுக்க வாசியுங்கோ.

‘பவுல் இஸ்ட் டோட்’ பற்றியும் ஒண்டு. ‘பவுல் செத்திட்டான்’ எண்டதுக்குப் பிறகு வாற ‘ஃப்ரைஷ்பீல்’ எண்ட சொல், மதுக்கடையில நிற்கிற பின்பால் இயந்திரத்தில கிடைக்கிற இலவச ஆட்டம். இனி இலவச ஆட்டம் இல்லை. வேணும் எண்டது கிடைக்காது, கிடைக்கிறது பிடிக்காது எண்ட அந்தப் பாட்டின் மையம் இந்த விளையாட்டு இயந்திரத்துக்கு முன்னாலதான் நிற்குது. எட்டு நிமிடமும் ஒரு ஆள் அதே இடத்தில நிக்கிற மாதிரிக் கேட்டுப் பாருங்கோ.

பறைக்கோல், உங்கட ஹார்ட்கோர் தட்டுகளில மொழி வேண்டாம் எண்டு சொல்லுறது எனக்கு ஒத்துவரேல்லை. பின்னிஷ் தெரியாததால நீங்கள் தாளத்தை மட்டும் கேட்கிறீங்கள். டெர்வேத் கேதேத் எண்டால் ‘ஆரோக்கியமான கைகள்’, ‘ஏரெத்தோன் யோலு’ எண்டால் ‘முடிவில்லாத கிறிஸ்துமஸ்’. தலைப்பை விளங்கினாலே பாட்டு மாறுது.

ஊசிமுனை #6

வரியும் வரலாறும் சரி. தட்டிலிருந்து ஒலி ஒழுங்காக வராவிட்டால் அத்தனையும் வீண். இந்தத் தட்டுகளில் வழக்கமாக எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்கிறேன்.

‘பவுல் இஸ்ட் டோட்’ பக்கத்தின் உள் ஓரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும். உள்ளே வரும்போது 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருப்பதால், உருண்டை முனை ஊசி மேல் ஸ்தாயிகளைப் பின்தொடர முடியாமல் தடுமாறும். ‘ஸ’, ‘ட்ஸ’ ஒலிகள் சீறும். ஜெர்மனில் அந்த ஒலிகளுக்குப் பஞ்சமே இல்லை. பலர் இதைப் பழைய பதிவின் கரகரப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். நீள்வட்ட முனை ஊசி போடுங்கள். அளவு அட்டையை வைத்து கேட்ரிட்ஜை (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) தட்டின் மையத்திலிருந்து 66 மிமீ, 120.9 மிமீ ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கோணம் பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சரி பார்த்துவிட்டு விடுவதுதான் பொதுவான தவறு. ஊசி அழுத்தும் எடை, ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ கேட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். சீறலைப் பார்த்துப் பயந்து எடையைக் குறைக்காதீர்கள். குறைந்த எடையில் ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்து ஓடும், பள்ளம் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

பறைக்கோல் சொன்ன ஹார்ட்கோர் தட்டுகளில் வேறு சிக்கல், வேகம். பல தட்டுகளில் 33-ஆ 45-ஆ என்று அச்சிட்டிருக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் 35 சதம், சுருதியில் ஐந்து அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேல். 45-இல் ஓட வேண்டிய இரண்டு நிமிடப் பாட்டு 33-இல் 2 நிமிடம் 42 நொடி எடுக்கும். ஏற்கெனவே கர்ஜிக்கும் குரல் என்பதால் காதால் கண்டுபிடிப்பது கஷ்டம், டிரம்ஸில் உள்ள சிம்பலை (உலோகத் தட்டு) கேளுங்கள். தாம்பாளத்தைத் தட்டியது போல மந்தமாக நீண்டு ஒலித்தால் வேகம் குறைவு. இணையத்தில் ஏற்றப்பட்ட பதிவுகளிலும் இந்தத் தவறு நிறைய. டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் கால அளவு போட்டிருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

7 அங்குலத் தட்டுகளில் நடுத்துளை இரண்டு வகை, சிறியது 7 மிமீ, பெரியது 38 மிமீ. பெரிய துளைக்கு நடுவில் போடும் வட்டு தளர்வாக இருந்தால் தட்டு மையம் விலகிச் சுற்றும், சுருதி அலையும். அதையும் பாட்டின் பாணி என்று நினைப்பவர்கள் உண்டு.

போலி அச்சு: உறையில் உள்ள சிறிய எழுத்துகளை உருப்பெருக்கியில் பாருங்கள். மூல அச்சில் எழுத்து ஓரம் கூர்மையாக இருக்கும். மூல உறையை ஸ்கேன் செய்து அச்சிட்டதில் எழுத்துக்குள்ளேயும் புள்ளிகள் தெரியும். பிறகு கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். விற்பவரிடம் உறையின் படத்தைக் கேட்காதீர்கள், அந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள்.

செம்பருத்தி #7

இத்தனை பதிவில் ஒரு பெண் குழுவின் பெயர்கூட இல்லை. கார்மென் க்னோபெல் கடை நடத்தியவராக மட்டும் வந்து போகிறார். ஹானோவரின் ஹான்ஸ்-ஆ-பிளாஸ்ட் 1979-லேயே அன்னெட்டே பெஞ்சமின் குரலில் தட்டுப் போட்டுவிட்டது.

என்னுடைய வாசல் சூரிச். 1978-இல் நான்கு பெண்கள், குழுவின் பெயர் க்ளீனெக்ஸ். கிட்டாரில் மார்லீன் மார்டர், பேஸில் க்ளவுடியா ஷிஃப், பாடியவர் ரெகுலா சிங், டிரம்ஸில் லிஸ்லோட் ஹா. சன்ரைஸ் என்ற சின்ன லேபிளில் (வெளியீட்டு நிறுவனம்) நாலு பாட்டுள்ள 7 அங்குலத் தட்டு. அதில் இரண்டை அதே ஆண்டு ரஃப் டிரேட் எடுத்து வெளியிட்டது. காகிதக் கைக்குட்டை நிறுவனம் பெயருக்கு உரிமை கோரவே, 1980-இல் லிலிபுட் என்று மாற்றிக்கொண்டார்கள். கடையில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதி கிடைக்காது.

ரைன்கரை சொன்ன மொழிச் சிக்கல் இங்கே முளைப்பதே இல்லை. 1980-இல் வந்த ‘ஸ்ப்ளிட்’ பாட்டில் சொற்கள் பொருளுக்காக வரவில்லை, ஓசைக்காக வருகின்றன. குழந்தைகள் விளையாட்டில் கத்தும் சொற்களைப் போலத் தாளத்தோடு மோதி உடைகின்றன. அதன் மறுபக்கம் ‘டீ மட்ரோசென்’. ‘மாலுமிகள்’ என்று பொருள். அதன் பல்லவி வாயால் அடிக்கும் சீட்டி! யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கும் இதுதான் சரியான இடம். மார்லீன் மார்டரின் கிட்டாரில் முழுக் கார்டுகள் குறைவு. இரண்டு மூன்று சுரம் கொண்ட சிறிய துண்டை விடாமல் திருப்பித் திருப்பி வாசிப்பார், பேஸ் அதற்கு எதிர்க்கோட்டில் போகும். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) கூட்டி வாசித்துப் பார்த்தால் அந்தத் துண்டு கரைந்துபோகும், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபையரைச் சுத்தமான ஒலியில் வைத்து, மேல் ஸ்தாயியைக் கூட்டி, கிட்டாரின் பாலத்துக்கு (கம்பிகள் உட்காரும் கட்டை) பக்கத்தில் மீட்டுங்கள்.

ஊர் நூல் வேண்டுமா? 1980 மே 30. ஓபரா மாளிகையைப் புதுப்பிக்கச் சூரிச் நகரம் சுமார் 60 மில்லியன் ஃபிராங்க் ஒதுக்க, இளைஞர்களுக்குத் தன்னாட்சி மையம் கேட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கலவரம் மாதக்கணக்கில் நீண்டது. லிலிபுட்டின் ‘ஐஸிகர் விண்ட்’ 1981-இல் அதே ஊரிலிருந்து வந்தது. ‘பனிக்காற்று’. எளிய வழியாக, 2001-இல் கில் ராக் ஸ்டார்ஸ் வெளியிட்ட இரண்டு குறுந்தகட்டுத் தொகுப்பில் க்ளீனெக்ஸ், லிலிபுட் இரண்டு காலமும் இருக்கிறது. முதல் தட்டை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குரல் மாறுவதும் சாக்சஃபோன் நுழைவதும் அப்போதுதான் பிடிபடும்.

பறைக்கோல் #8

செம்பருத்தி, அந்தப் பேஸ்-கிட்டார் எதிர்க்கோடு விஷயம் அருமை. லிஸ்லோட் ஹாவின் டிரம்ஸையும் கவனியுங்கள். சிம்பலை அதிகம் தொடாமல் டாம் என்ற டிரம்களில் உருட்டுகிறார். பங்க் டிரம்ஸ் என்றால் ஹை-ஹாட்டை (இரட்டைச் சிம்பல்) போட்டு அடிப்பது என்று பழகிய காதுக்கு அது பெரிய விடுதலை. இந்த வாசலை நான் எதிர்க்கவில்லை. சொந்தமாக, சின்ன லேபிளில் தொடங்கிய தட்டு, என் முதல் ஆட்சேபம் இங்கே எழாது.

ரைன்கரை, தலைப்பின் பொருள் பற்றிச் சொன்னது சரிதான். தாளம் போதும் என்று எழுதியது தவறு. ஆனால் ஒன்று: ஹார்ட்கோரில் வரிகள் பெரும்பாலும் உறைக்குள் தாளில் அச்சிட்டே வரும். பல குழுக்கள் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் போட்டன, வெளிநாட்டுக்காரர்களுக்குத் தபாலில் போகும் தட்டு என்பதால். எனவே வாங்கும்போது ‘உள்தாள் இருக்கிறதா’ என்று கேளுங்கள். உள்தாள் இல்லாத தட்டு பாதித் தட்டு.

ஈஎம்ஐ விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. ஜெர்மன் மொழியில் ஒரு தட்டு வேண்டும், வரிகளும் வேண்டும் என்றால் ஹாம்பர்க் ஸ்லைம் குழுவின் ‘ஆல்லே கேகன் ஆல்லே’, 1983. ‘எல்லாரும் எல்லாருக்கும் எதிராக’. ரைன்கரை சொன்ன வழுக்கல் எதுவும் இல்லாத நேர்மொழி, கேட்டு முடித்ததும் அதே லேபிளில் கைக்கெட்டும் தூரத்தில் ‘டேடேஎர் ஃபொன் உன்டென்’.

ரைன்கரை #9

ஸ்லைம் நேர்மொழி, ஓம். கோஷத்தின் மொழி. தெருவில நிண்டு கத்த உதவும். ஆனா ‘ஐன் யார்’ஐயும் தெருவில கத்தினவைதானே. ‘முன்னேறிப் போகுது’ எண்ட அந்தப் பல்லவியை வெற்று வீடுகளைக் கைப்பற்றின பெர்லின் இளைஞர்கள் சுவரில எழுதினார்கள். பாட்டுக்குள்ள அது கசப்பான சொல். விண்வெளி நிலையங்கள் தீவுகளில விழுகிற, இரண்டாந்தரப் பட நாயகன் உலகத்தை ஆளப்போற காலம் எண்டு அடுக்கிப்போட்டு, எல்லாம் முன்னேறுது எண்டு பாடுறார். அமெரிக்க விண்வெளி நிலையம் ஸ்கைலாப் விழுந்தது 1979, நடிகராக இருந்த ரீகன் அமெரிக்க அதிபர் தேர்தலில வென்றது 1980 நவம்பர். கசப்பைக் கழட்டிப்போட்டு நம்பிக்கையாக எடுத்தவர்கள் தெருக்காரர்கள், பிறகு நடனப் பாட்டாக விற்றது நிறுவனம். ரெண்டு பக்கமும் பாட்டைப் பாதியாகத்தான் எடுத்தது. ஈஎம்ஐயில மட்டும் பழி போடாதேங்கோ.

பறைக்கோல் #10

அது நியாயமான அடி. யோசிக்கிறேன்.

ஊசிமுனை #11

கட்டைவிரல், ‘மிலிட்யூர்க்’ நாலு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொன்னீர்கள். ஒலி அளவைச் சமப்படுத்தாமல் கேட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். 1982 பதிவு சத்தமாக இருப்பதால் அதுவே சிறந்தது போலத் தோன்றும். ஒவ்வொன்றிலும் குரலின் சத்தம் ஒரே அளவுக்கு வரும்படி வால்யூமைத் திருப்பிக்கொண்டு கேளுங்கள். டிஜிட்டலில் கேட்பவர்கள் ஒலிச் சமன் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். மிட்டாக்ஸ்பவுசேயின் 1979 வெளியீடு 7 அங்குலத்தில் இரட்டைத் தட்டு. வேகத்தைச் சரிபார்த்த பிறகு ஊசியை வையுங்கள்.

கட்டைவிரல் #12

நன்றி ஊசிமுனை, அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. வரிசையையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மிட்டாக்ஸ்பவுசே. பேஸ் இல்லாததால் தரையே இல்லாமல் பாட்டு நிற்கும், இரண்டு கிட்டாரும் காற்றில் கோடு போடும். அடுத்தது டிஏஎஃப், 1980 சிங்கிள். இங்கே பாடுபவர் வரிகளை எழுதிய டெல்காடோ. ஹைன் சொற்களைத் துப்பினால் இவர் மிரட்டுகிறார். அதே ஆண்டில் டிஏஎஃப் போட்ட ‘டீ க்ளைனென் உண்ட் டீ பேஸென்’ தட்டையும் இங்கேயே சேர்த்துக் கேட்கலாம். மியூட் நிறுவனத்தின் ‘ஸ்டம்’ வரிசையில் முதல் எல்பி (முழுநீளத் தட்டு) அதுதான். ஒரு பக்கம் இசைத் தயாரிப்பாளர் கோனி ப்ளாங்க் ஸ்டுடியோவில் செய்தது, மறுபக்கம் லண்டன் மேடைப் பதிவு. மூன்றாவதாக நம் ஃபேல்ஃபார்பென். பேஸ் வந்ததும் பாட்டுக்குக் கால் முளைக்கிறது, அந்தக் காலைக் கொண்டுவந்தவர் டிஏஎஃபிலிருந்து வந்த கெம்னர். கடைசியாக 1982, டிஏஎஃபின் ‘ஃப்யூர் இம்மர்’. டெல்காடோ, ராபர்ட் கேர்ல் இரண்டே பேர். பேஸ் கோடு முழுக்க சீக்வென்சரில் (சுரங்களைத் தானே திருப்பி வாசிக்கும் இயந்திரம்) ஓடுகிறது, கிட்டார் என்ற பொருளே இல்லை.

1979-இல் இந்தப் பாட்டில் பேஸ் இல்லை, 1982-இல் கிட்டார் இல்லை. நாலு பதிவையும் தள்ளி நின்று கேட்டால் டுசல்டோர்ஃப் நகர்ந்த தூரம் காதில் விழுந்துவிடும்.

பறைக்கோல் #13

இயந்திரம்தான் கண்டத்தின் சொந்தச் சரக்கு என்று எழுதினீர்கள், கட்டைவிரல். நீங்கள் சொன்ன நாலு பதிவிலும் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மிட்டாக்ஸ்பவுசேயில் மார்குஸ் ஓலென், ஃபேல்ஃபார்பெனில் ஊவே பவர், டிஏஎஃபில் இரண்டு முறையும் கேர்ல். சீக்வென்சர் ஓடும் 1982 பதிவிலும் அடிப்பது கேர்லின் கைதான். ஸ்னேரைக் கவனியுங்கள், இயந்திரத்தின் மேல் சரியாக உட்காராமல் மயிரிழை முந்தி விழும்.